ஆரோக்கியப்பச்சை

ஆரோக்கியப்பச்சை, அகத்தியமலைத் தொடரில் வளரும் மூலிகை. காணிக்காரப் பழங்குடியினர் களைப்பு நீங்க இதன் காய்களைத் தின்பர். பேச்சிப்பாறையை ஒட்டிய மலைகள் முதல் கேரளப் பகுதி வரை இவர்கள் வாழ்கின்றனர். மூலிகை மருத்துவத்தை அறிந்த இவர்களின் பூசாரி பிலாத்தி எனப்படுகிறார்.

1987-ல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அகத்தியமலையில் ஆய்வு செய்தது. வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் இக்காயைத் தின்று சோர்வின்றி நடப்பதைக் குழுவினர் கண்டனர். கேரளத்தில் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய்க்கு 7 ஆண்டு தயாரிப்பு உரிமம் பெற்றது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிக்காரர்களுக்கு அளிக்க நிறுவனம் முடிவு செய்தது. 1997-ல் இதற்காக அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்களித்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக உலக அளவில் இது பேசப்பட்டது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-ல்தான் வந்தது.

அறக்கட்டளை கேரளக் காணிக்காரர்களுக்கானது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், பின்னர் திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ல் வரையப்பட்ட மாநில எல்லை ஒரே இனத்தை இரண்டாக்கியது. மருத்துவ அறிவு இருபுறத்தாருக்கும் பொது. பங்கு ஒருபுறத்தாருக்கே என்றானது.