நன்னியின் பெட்டியில் கிடந்த ஆர்க்காட்டு ரூபாய்

 

எங்கள் நன்னி வஃபாத்தான பின்னர், அவர்களுடைய மரப்பெட்டியின் அடியில் ஒரு துணிமுடிச்சு இருந்தது. அதனுள் எழுபது வெள்ளிக் காசுகள். அவை பாகப்பிரிவினையில் அத்தாவிடம் வந்தன. அத்தாவுக்குப் பின் என் பங்காயின. பல ஆண்டுகள் அந்த முடிச்சை நான் அவிழ்க்கவேயில்லை.

ஒருநாள் திருச்சி பெரியகடை வீதியில் ஒரு வெள்ளிக் கடைக்கு அவற்றை எடுத்துச் சென்றேன். தராசில் இட்டுப் பார்த்து, உருக்கினால் இவ்வளவு தேறும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அது அவர்களுடைய தொழில், குறை சொல்வதற்கில்லை. காசுகளைத் திரும்ப முடியும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மற்றவை அனைத்தும் சீரான வட்டமாய், மன்னர் தலையோ அரசி தலையோ பொறித்தவையாய் இருந்தன. இது மட்டும் தடித்து, ஓரம் ஒழுங்கின்றி, உருவம் ஏதுமில்லாமல் எழுத்துகளால் நிறைந்திருந்தது. உற்று நோக்கினேன். அலிஃப், ரே, காஃப், அலிஃப், தே. மதரஸாவில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நான் அன்றாடம் கற்பிக்கும் எழுத்துகள்! சேர்த்துப் படித்தேன்: 'ஆர்காத்'. ஆம், அது ஆர்க்காட்டு ரூபாய்.

பழைய வெள்ளி நாணயங்களின் மீது எனக்கு ஆர்வம் பிறந்தது அன்றுதான். அந்த ஒரு காசு காட்டித் தந்த வரலாற்றையும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவற்றையும், இறுதியில் அந்த எழுபது காசுகளால் நான் வெட்கித் தலைகுனிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

திர்ஹம் முதல் ரூபாய் வரை

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டுக்கெனத் தனி நாணயம் இருக்கவில்லை. ரோமப் பேரரசின் பொன் தீனாரும் பாரசீக ஸாஸானியரின் வெள்ளித் திர்ஹமுமே புழங்கின. உமய்யாக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான்தான் ஹிஜ்ரி 77இல் தீனாரையும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திர்ஹமையும் திருத்தி அமைத்தார். மன்னர் தலையும் நெருப்புப் பீடமும் நீங்கின. அவற்றின் இடத்தில் ஏகத்துவ வாசகங்கள் இடம்பெற்றன. அந்தத் திர்ஹமின் எடை 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

இந்தியாவில் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, ஏறத்தாழ பதினொன்றரை கிராம் எடையில் வெளியிட்ட வெள்ளிக் காசே 'ரூபாய்' என்னும் பெயரை நிலைநாட்டியது. அதில் கலிமாவும் நாற்பெரும் கலீஃபாக்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னர் அவ்ரங்கசேப் பட்டத்துக்கு வந்தபோது, கலிமாவை நாணயத்தில் பொறிக்கும் வழக்கத்தை நிறுத்தினார். காசு எல்லோர் கையிலும் புழங்குவது, மண்ணிலும் விழுவது. புனித வாசகத்தின் கண்ணியம் கெடலாகாது என்பதே காரணம். கலிமா பொறித்த காசு உங்களுக்குக் கிடைத்தால் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

பெயர் ஒன்று, அச்சுக்கூடம் மூன்று

என் கையிலிருந்த காசில் 'ஆர்காத்' என்று இருந்ததால், அது ஆர்க்காட்டில் அச்சிடப்பட்டது என்றே முதலில் எண்ணினேன். அது பிழை. ஆர்க்காட்டு நவாபின் அச்சுக்கூடத்தைப் போன்றே ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி 1736இல் பெற்றுப் புதுச்சேரியில் அச்சிட்டது. ஆங்கிலேயக் கம்பெனி 1742இல் பெற்றுச் சென்னையில் அச்சிட்டது. மூன்று இடத்துக் காசிலும் ஊர்ப்பெயர் ஆர்க்காடு. ஆட்சிப்பெயர் தில்லி முகலாயப் பாதுஷாவுடையது. வேறுபாடு சிறு குறிகளில்தான் உள்ளது. புதுச்சேரிக் காசில் பிறை இருக்கும். சென்னைக் காசுகள் பலவற்றில் தாமரை இருக்கும். என்னுடையதில் இருந்தது தாமரை.

அதில் இருந்த பெயர் இரண்டாம் ஆலம்கீர், ஆண்டு ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. அந்தப் பாதுஷா 1759இல் கொல்லப்பட்டார். ஆனால் கம்பெனியின் சென்னை அச்சுக்கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்து வந்தது! காரணம் எளிது. அந்நாளில் காசு மாற்றும் சராஃபுகள், பழைய ஆட்சியாண்டுக் காசுக்கு 'வட்டம்' பிடிப்பார்கள். ஆண்டை மாற்றாமல் அச்சிட்டால் எல்லாக் காசும் ஒரே மதிப்பில் செல்லும். மேலும், மக்கள் நம்பியது கம்பெனியின் பெயரை அன்று, பாதுஷாவின் பெயரை. ஆகவே ஆட்சி ஒருவரிடம், பெயர் மற்றொருவருடையது என்ற நிலை.

நத்தர்நகர் கண்ட போர்

இந்தப் பெயருக்கான போர் நம் திருச்சிராப்பள்ளியில்தான் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முஹம்மது அலீயும் சந்தா சாஹிபும் உரிமை கோரினர். முஹம்மது அலீ திருச்சிக் கோட்டைக்குள் இருக்க, பிரெஞ்சுப் படையின் துணையுடன் சந்தா சாஹிப் 1751இல் கோட்டையை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையைத் தளர்த்தவே ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். போர் திரும்பியது. பிரெஞ்சுப் படை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கியது. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா அங்கே சரணடைந்தார். தஞ்சைத் தளபதியை நம்பி அடைக்கலம் புகுந்த சந்தா சாஹிப் தலை துணிக்கப்பட்டார்.

வென்ற முஹம்மது அலீ 'வாலாஜா' ஆனார். திருச்சிக்கு 'நத்தர்நகர்' என்ற பெயரை வழங்கினார். அப்பெயர் பொறித்த அவர் காலத்துச் செப்புக் காசுகளும் உண்டு. ஆனால் போர்ச் செலவுக்காக ஆங்கிலேயரிடம் அவர் பட்ட கடன் வட்டிக்கு மேல் வட்டியாக வளர்ந்தது. அந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரையே ஆற்றினார். வாலாஜா 1795இல் காலமானார். நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1801இல் கர்நாடக அரசின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. காசில் 'ஆர்காத்' என்ற சொல் அதற்குப் பின்னும் நீடித்தது. ஆர்க்காட்டின் ஆட்சி நீடிக்கவில்லை. வட்டிக்கடன் ஓர் அரசையே விழுங்கிய கதையை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு காசு சொல்கிறது.

தொடங்குவோர் அறிய வேண்டியவை

தென்னாட்டில் நெடுங்காலம் வராகனும் பணமுமே முதன்மையாக இருந்தன. சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமானது 1818இல். 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது: எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடியவை பெரும்பாலும் இவையே. நான்காம் வில்லியம் (1835), விக்டோரியா (1840 முதல் 1901 வரை), ஏழாம் எட்வர்ட் (1903 முதல் 1910 வரை), ஐந்தாம் ஜார்ஜ் (1911 முதல்), ஆறாம் ஜார்ஜ் என்று வரிசைப்படுத்தலாம். 1877 முதல் விக்டோரியா காசில் 'அரசி' என்பதற்குப் பதில் 'பேரரசி' என்றிருக்கும்.

1911ஆம் ஆண்டு ரூபாய் நம்மவரோடு தொடர்புடையது. மன்னரின் அங்கியில் இருந்த யானை, துதிக்கை குறுகிப் பன்றியைப் போல் தோன்றியது. முஸ்லிம்களின் எதிர்ப்பு எழவே, அக்காசு நிறுத்தப்பட்டு, உருவம் திருத்தப்பட்ட காசு 1912இல் வந்தது.

போர்க்காலத்தில், 1940 முதல், ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது காசன்று. கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிறிய தராசும் ஒரு பூதக்கண்ணாடியும். எடை மிகவும் குறைந்தாலோ கூடினாலோ ஐயப்படுங்கள். புளியோ பற்பொடியோ இட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துப் பளபளக்கும் காசு சேகரிப்போரிடம் மதிப்பிழக்கும். தாளில் ஒரு பதிவு வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த அச்சுக்குறி, யாரிடமிருந்து வந்தது. உங்கள் நன்னியின் பெயரை எழுதிய அந்த ஒரு வரி, பிற்காலத்தில் காசைவிட அரிதாகிவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் இந்துக் கடவுளர் உருவமும் பொறித்து விற்கப்படும் 'அணா'க்கள் பிற்காலத்துப் போலிகள். அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கணக்கில் விலை போகும் காசு என்பவை ஏமாற்று. 786 என்ற எண் உள்ள நோட்டுக்கு அதிக விலை கொடுப்பதும் மார்க்கத்தில் அடிப்படையற்றது.

மண்ணில் கிடைத்த காசு நம்முடையதன்று என்பதையும் அறிக. 2020 பிப்ரவரியில் திருவரங்கத் தீவிலேயே உள்ள திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது, ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் அரபு எழுத்துகள் காணப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவை முறைப்படி அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் தடை உண்டு. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்போர் கவனிக்க.

இன்னொன்று, காசுக்குக் காசு மாற்றுவது. வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் சம எடையும் உடனடிக் கைமாற்றும் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அரிய காசு ஒன்றுக்குச் சாதாரணக் காசு இரண்டு என்று மாற்றுவது வட்டியில் கொண்டுபோய் விடும். தரங்குறைந்த பேரீச்சம்பழத்தை விற்று, அந்தப் பணத்தில் நல்லதை வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நினைவுகூருங்கள். உங்கள் காசை ரூபாய்க்கு விற்று, வேண்டியதை ரூபாய் கொடுத்து வாங்குங்கள். பணத்தை முன்னர் அனுப்பிக் காசைத் தபாலில் பெறும் வணிகத்தைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

எழுபது காசுகளின் ஜகாத்

ஆர்க்காட்டு ரூபாயை மதரஸாவுக்குக் கொண்டு சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி அவர்கள் 'ஆர்காத்' என்றபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. வீட்டில் இன்னும் அறுபத்தொன்பது இருக்கின்றன என்றும் பெருமையாகச் சொன்னேன். அது ஜகாத் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம். பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், இதுக்கெல்லாம் ஜகாத் குடுத்துட்டீங்களா?"

என்னிடம் விடை இல்லை.

வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். இந்திய ஆலிம்கள் எழுதிய உருது நூல்களில் இது ஐம்பத்திரண்டரைத் தோலா என்றிருக்கும். அந்தத் தோலா எது? 1833இல் கம்பெனி வரையறுத்தபடி, ஒரு ரூபாய் நாணயத்தின் எடையே ஒரு தோலா! நம் முன்னோருக்கு நிஸாப் என்பது ஏட்டில் உள்ள கணக்கன்று. ஐம்பத்துமூன்று ரூபாய்களை எண்ணினால் விளங்கிவிடும் கணக்கு. இன்றைய அளவில் அது 612.36 கிராம், 595 கிராம் என்று கொள்வோரும் உண்டு.

அன்றிரவு தராசை எடுத்து உட்கார்ந்தேன். ஆர்க்காட்டு ரூபாய் ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் வரையிலானவை ஐம்பத்தைந்து, பாதி வெள்ளிக் காசு பதினான்கு. கலப்பையும் தேய்மானத்தையும் கழித்துத் தூய வெள்ளியை மட்டும் எண்ணினாலும் ஏறத்தாழ 670 கிராம். இரு கணக்கின்படியும் நிஸாபைத் தாண்டியிருந்தது. ஏழு ஆண்டுகள் அது என் உடைமை. ஏழு ஆண்டுகளும் நான் ஜகாத் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நினைவுப்பொருள் என்றோ சேகரிப்பு என்றோ பெயர் சூட்டினால் வெள்ளி வெள்ளியாக இல்லாமல் போய்விடாது. பொன்னையும் வெள்ளியையும் சேர்த்துவைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதோரை அத்தவ்பா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிப்பதை நான் பலமுறை ஓதியிருக்கிறேன். என் பெட்டியை நினைத்து ஓதியதில்லை. விடுபட்ட ஆண்டுகளைக் கணக்கிட்டேன். சாதாரணக் காசுகள் சிலவற்றை விற்று அந்தக் கடனை நிறைவேற்றினேன். அத்தாவின் காலத்துக்கும் உரியதைக் கொடுத்தேன். ஆர்க்காட்டு ரூபாய் மட்டும் என்னிடம் இருக்கிறது; ஆண்டுதோறும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். பெட்டியில் முதலாவது இருந்து, உள்ளத்தில் இரண்டாவது இல்லையெனில் என்ன பயன்? இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு எழுத்துகளைப் படியுங்கள். பின்பு தராசில் இட்டு நிறுத்துப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் செல்வத்தையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.