நடந்து நடந்தே நீதி கேட்ட தாய்மார்கள்

அர்ஜென்டினா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கால்பந்துதான். மரடோனா, மெஸ்ஸி என்று பெயர்களை அடுக்குவோம். அதே நாட்டின் தலைநகர் புவனோஸ் அயர்ஸில், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில், 1977 முதல் வியாழக்கிழமை தோறும் சில பெண்கள் நடந்து வருவது பலருக்குத் தெரியாது. தலையில் வெள்ளைத் துணி. மாலை 3.30 மணிக்குத் தொடங்கி, சதுக்கத்தின் நடுவே உள்ள மே பிரமிடு என்ற நினைவுத்தூணைச் சுற்றி நடப்பார்கள். அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" ஓர் இராணுவ ஆட்சியையே தூங்கவிடாமல் செய்தது. மக்கள் ஒன்றுகூடி நடப்பதை இன்று கலை விமர்சகர்கள் நிகழ்த்துகலையின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, பார்க்க வருபவரே பங்கேற்பவர் ஆகிவிடுவார். அந்த வகைக்கு உலகம் காட்டும் முதன்மையான உதாரணங்களில் ஒன்று மே சதுக்கத் தாய்மார்களின் நடை. ஆனால் அந்தத் தாய்மார்கள் கலை செய்ய வரவில்லை. பிள்ளைகளைத் தேடி வந்தார்கள்.

நடையைத் தொடங்கி வைத்தது போலீஸ்!

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தளபதி விடேலா தலைமையிலான அந்த ஆட்சி, எதிர்ப்பாளர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை வழக்கமான முறையில் கைது செய்யவில்லை. இரவில் வீடு புகுந்து தூக்கிச் சென்றார்கள். வழக்கு இல்லை, சிறைப் பதிவு இல்லை, பிணமும் இல்லை. தேடிப் போன பெற்றோரிடம் "அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை" என்றார்கள். மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர்கள், கர்ப்பிணிப் பெண்கள் என்று யாரும் தப்பவில்லை. 1984-ல் வெளியான அரசு ஆணையத்தின் அறிக்கை 8,961 பேரைப் பட்டியலிட்டது. உண்மையில் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு.

அசுசேனா வில்யாஃப்ளோர் அரசியல் தலைவர் அல்ல. இளம் வயதில் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்தவர், பிறகு குடும்பத் தலைவி. 1976 நவம்பரில் அவருடைய மகன் நெஸ்டர் கடத்தப்பட்டார். அமைச்சகம், காவல் நிலையம், கடற்படைத் தேவாலயம் என்று ஏறி இறங்கிய இடமெல்லாம் தன்னைப் போலவே காத்திருக்கும் வேறு தாய்மார்களைச் சந்தித்தார். தனித்தனியாகக் கேட்டுப் பயனில்லை, எல்லாருமாகச் சதுக்கத்துக்குப் போய் அரசின் கண்ணெதிரே நிற்போம் என்பது அவர் சொன்ன யோசனை.

1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் வந்தார்கள். அது சனிக்கிழமை. அலுவலகங்கள் மூடியிருந்தன, சதுக்கத்தில் ஆளே இல்லை. அடுத்த முறை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஸ்பானிய மொழியில் பெயரில் "ர" ஒலி வரும் நாட்கள் ராசியில்லாதவை என்று ஒரு தாய் சொன்னாராம்! வெள்ளியும் அப்படிப்பட்ட நாள்தான். ஆகவே வியாழன் ஆயிற்று. உலகமே அறிந்த அந்த வியாழக்கிழமை இப்படித்தான் வந்தது.

அப்போது நெருக்கடி நிலைச் சட்டம் அமலில் இருந்தது. பலர் ஓரிடத்தில் கூடி நிற்பது குற்றம். போலீஸ்காரர்கள் வந்து, "நிற்கக்கூடாது, நகருங்கள்" என்றார்கள். தாய்மார்கள் மறுக்கவில்லை. இருவர் இருவராகக் கைகோத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். சதுக்கத்தை விட்டுப் போகவில்லை, சதுக்கத்திலேயே சுற்றினார்கள். நடப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லையே! கலைக்க வந்த கட்டளையே போராட்டத்தின் வடிவம் ஆகிவிட்டது. நடை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அமைந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அப்பிரதட்சணம். போன காலத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று இதற்குப் பலர் பொருள் சொல்வதுண்டு.

ஆட்சியாளர்கள் அவர்களை "மே சதுக்கத்துப் பைத்தியக்காரிகள்" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியே அவர்களைச் சில காலம் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். பைத்தியங்களை யார் பொருட்படுத்துவார்?

குழந்தைத் துணியே கொடியானது

1977 அக்டோபரில் லுஹான் என்ற ஊரின் மாதா கோயிலுக்கு இளைஞர்கள் செல்லும் நடைப்பயணம் வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போவது போல, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் புவனோஸ் அயர்ஸிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் நடந்து செல்வார்கள். அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டு, பிள்ளைகள் காணாமல் போன செய்தியைப் பரப்பத் தாய்மார்கள் முடிவு செய்தார்கள். எல்லாராலும் முழுத் தூரமும் நடக்க முடியாது, ஆங்காங்கே சேர்ந்துகொள்ள வேண்டும். அத்தனை கூட்டத்தில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொள்வோம் என்றார் ஒருவர். பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தத் துணியைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்த தாய்மார்கள் பலர். அடையாளத்துக்காகக் கட்டிய துணி பிறகு அவர்களின் கொடியானது. பின்னாளில் அதில் பிள்ளையின் பெயரையும் காணாமல் போன தேதியையும் நூலால் தைத்துக்கொண்டார்கள். எந்த ஓவியக் கல்லூரியிலும் படிக்காதவர்கள் உருவாக்கிய சின்னம் இது!

கூட்டத்துக்குள் ஒரு ஒற்றன்

தன் அண்ணனும் காணாமல் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் தாய்மார்களிடம் வந்து சேர்ந்தான். மகன் வயதுடையவன் என்பதால் அவனை அன்போடு பார்த்துக்கொண்டார்கள். உண்மையில் அவன் அல்ஃப்ரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி. 1977 டிசம்பர் 8 அன்று சான்டா குரூஸ் தேவாலயத்தில் பலர் கடத்தப்பட்டார்கள். டிசம்பர் 10 அன்று, காணாமல் போனோரின் பெயர்களோடு தாய்மார்கள் தந்த விளம்பரம் நாளிதழில் வெளியான அதே நாளில், அசுசேனாவும் வீட்டருகே பிடிக்கப்பட்டார். மொத்தம் 12 பேர். அவர்களில் மூவர் தாய்மார்கள், இருவர் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள்.

அந்த மூவரில் ஒருவர் எஸ்தர் பாயெஸ்ட்ரினோ. இளமைக் காலத்தில் ஓர் ஆய்வகத்தில், பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆன பெர்கோக்லியோவுக்கு மேலதிகாரியாக இருந்தவர். கர்ப்பிணியான அவருடைய மகள் கடத்தப்பட்டு, சில மாதங்களில் விடுவிக்கப்பட்டிருந்தாள். அவர் தேடிய பிள்ளை கிடைத்துவிட்டது. மகளை வெளிநாட்டில் பாதுகாப்பாகச் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் மற்றவர்களின் பிள்ளைகள் வரும்வரை ஓய்வதில்லை என்று சதுக்கத்துக்குத் திரும்பி வந்தார். "என் பிள்ளை எங்கே" என்ற கேள்வி "நம் பிள்ளைகள் எங்கே" என்று மாறியதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

தலைவியைத் தூக்கிவிட்டால் நடை நின்றுவிடும் என்று இராணுவம் கணக்குப் போட்டது. கணக்கு தப்பியது. மீதியிருந்த பெண்கள் பயத்தோடுதான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். 1978 ஜூன் 1 அன்று உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி அர்ஜென்டினாவில் தொடங்கியது. அது ஒரு வியாழக்கிழமை. டச்சுத் தொலைக்காட்சியினர் சதுக்கத்துக்குப் போய் தாய்மார்களைப் படம் பிடித்தார்கள். நாட்டின் பெருமையைக் காட்ட இராணுவம் நடத்திய திருவிழாவிலேயே அதன் குற்றம் உலகுக்குத் தெரிய ஆரம்பித்தது.

தாளில் எழுந்து நின்ற 30,000 பேர்

1981 டிசம்பரில் தாய்மார்கள் முதன்முறையாக 24 மணி நேரம் தொடர்ந்து நடந்தார்கள். "எதிர்ப்பு நடை" என்று அதற்குப் பெயர். மூன்றாவது எதிர்ப்பு நடை 1983 செப்டம்பர் 21 அன்று நடந்தது. கலை வரலாற்றில் இடம்பெற்ற நாள் அது.

அகெரெபெர்ரி, ஃப்ளோரெஸ், கெக்செல் என்ற மூன்று கலைஞர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். காணாமல் போன 30,000 பேரையும் ஆளுயரத்தில் தாளில் வரைந்தால் அது எவ்வளவு இடத்தை அடைக்கும்? அவர்கள் இல்லாமல் போனதால் நாட்டில் எவ்வளவு இடம் காலியாகியிருக்கிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மூன்று பேரால் 30,000 உருவங்களை வரைய முடியாது. ஊரே வரைய வேண்டும்.

தாய்மார்கள் யோசித்துச் சில நிபந்தனைகள் வைத்தார்கள். உருவங்களைத் தரையில் ஒட்டக்கூடாது, அது பிணத்தைக் காட்டும். சுவரில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பட்டியல் முழுமையாக இல்லாததால் யார் பெயரையும் எழுத வேண்டாம். கடத்தப்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இதில் இருக்க வேண்டும் என்று பேரக்குழந்தைகளைத் தேடும் பாட்டிமார்கள் கேட்டுக்கொண்டார்கள்.

செப்டம்பர் 21 அர்ஜென்டினாவில் மாணவர் தினம் என்பதால் இளைஞர்கள் திரளாக வந்திருந்தார்கள். ஒருவர் தாள் மேல் படுப்பார், இன்னொருவர் அவர் உடலைச் சுற்றிக் கோடு வரைவார். படுத்தவர் எழுந்து போனபின் தாளில் இருப்பது வராதவரின் உருவம். கர்ப்பிணியின் உருவம் வேண்டுமா? வயிற்றில் தலையணை வைத்து வரைந்தார்கள். சிறிது நேரத்தில் கலைஞர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சதுக்கத்துக்கு வந்தவர்களே தாளை விரித்தார்கள், வரைந்தார்கள், ஒட்டினார்கள். எழுத வேண்டாம் என்று சொல்லியும், பலர் தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரையும் தேதியையும் எழுதினார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை, தடுக்க வேண்டியும் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனவர்களை சதுக்கத்தைச் சுற்றியிருந்த சுவர்களிலிருந்து அந்த உருவங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதும் இராணுவ ஆட்சிதான். அக்டோபர் 30 அன்று தேர்தல் நடந்தது, டிசம்பர் 10 அன்று மக்களாட்சி திரும்பியது.

எலும்பா, உயிரா?

இந்தக் கதை இங்கே சுபமாக முடியவில்லை. மக்களாட்சி வந்தபின் பெயரில்லாப் புதைகுழிகளைத் தோண்டும் வேலை ஆரம்பித்தது. பிள்ளையின் எலும்பாவது கிடைத்தால் போதும் என்றார்கள் சில தாய்மார்கள். எலும்பை வாங்கிக்கொண்டால் கொன்றவனைக் கேட்காமல் சாவை ஒப்புக்கொண்டது ஆகிவிடும், "உயிரோடு கொண்டு போனீர்கள், உயிரோடு கொடுங்கள்" என்பதுதான் எங்கள் கோரிக்கை என்றார்கள் எபே தெ போனாஃபினி அணியினர். இதுவும் வேறு சில கருத்து வேறுபாடுகளும் சேர்ந்து 1986-ல் அமைப்பை இரண்டாகப் பிரித்தன. ஆனாலும் இரண்டு அணிகளும் அதே வியாழக்கிழமை, அதே 3.30 மணிக்கு, அதே தூணைத்தான் சுற்றி நடந்தன. இதைச் "சுற்று" என்று சொல்லாதீர்கள், "நடை" என்று சொல்லுங்கள் என்பார் போனாஃபினி. சுற்றுபவர் அதே இடத்துக்கு வருவார், நடப்பவர் ஓர் இடத்தை நோக்கிப் போகிறார் என்பது அவர் விளக்கம்.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு தாய் தன் துக்கத்தை முடித்துக்கொள்ள உரிமை இல்லையா? துக்கம் முடிந்தால் கேள்வியும் முடிந்துவிடுமே என்ற பயமும் பொய்யா? நடை என்ற வடிவம் இந்த இருவரையும் சேர்த்துத் தாங்கியது. நடக்க வருபவரிடம் அது எந்த உறுதிமொழியும் கேட்பதில்லை. கால் எடுத்து வைத்தால் போதும்.

கடத்தப்பட்டோரை விமானத்திலிருந்து கடலில் வீசியதை 1995-ல் முன்னாள் கடற்படை அதிகாரி சிலிங்கோ வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1977 டிசம்பரிலேயே கடல் சில உடல்களைக் கரையில் ஒதுக்கியிருந்தது, பெயரில்லாமல் புதைத்திருந்தார்கள். 2005-ல் தடயவியல் மானுடவியலாளர்கள் அவற்றில் அசுசேனாவையும் எஸ்தரையும் அடையாளம் கண்டார்கள். அசுசேனாவின் அஸ்தி அதே ஆண்டு டிசம்பரில் மே பிரமிடின் அடியில் வைக்கப்பட்டது. அவர் தொடங்கிய நடை இன்று அவரையே சுற்றி வருகிறது! ஒற்றன் அஸ்டிஸுக்கு 2011-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 34 ஆண்டுகள் ஆயின.

போனாஃபினி 2022-லும், மற்ற அணியின் நோரா கோர்டின்யாஸ் 2024-லும் காலமானார்கள். தாய்மார்களில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள், பலர் சக்கர நாற்காலியில் வருபவர்கள். அவர்களோடு நடப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆட்சிக் காலத்தில் பிறந்தே இராதவர்கள். 2017 மே மாதம், இராணுவ ஆட்சிக் குற்றவாளிகளின் தண்டனைக் காலத்தைக் குறைக்க வழிசெய்யும் தீர்ப்பு ஒன்று வந்தபோது, மே சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடி ஒரே நேரத்தில் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் உயர்த்தியது. அந்தத் தீர்ப்பு இத்தகைய குற்றவாளிகளுக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றம் அதே நாளில் சட்டம் இயற்றிவிட்டது.

தாய்மார்கள் கட்டிக்கொண்டு வந்த துணி ஒரு நாட்டின் கைக்குப் போய்விட்டது. ஒரு கலைப்படைப்பு வெற்றி பெற்றதா என்பதை எப்படி அறிவது? தொடங்கியவர்கள் போன பிறகும் அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வியாழக்கிழமை 3.30 மணிக்கு மே சதுக்கத்தில் ஆள் இருக்கிறது.