திருமலை க்யூவும் ஆப்பும்

நம்ம சித்தூர் பெரியவர்களுக்கு 'ஆப்' என்றால் என்னவென்று விளக்க எனக்குக் கைகொடுப்பது திருமலை க்யூதான்.

2007-ல் வந்த முதல் ஐபோனில் செயலிக் கடையே கிடையாது. ஆப்பிள் 2008 ஜூலையில்தான் சுமார் 500 செயலிகளோடு கடை திறந்தது. அதே அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் (இன்றைய கூகுள் பிளே). 2010-ல் ஐபேட்.

நம்ம ஜனங்களோ மணிக்கட்டில் பார்கோடு பட்டை கட்டி, அதிலிருந்த நேரத்துக்குக் காத்திருந்தவர்கள். 2017 ஜனவரியில் தேவஸ்தானம் 'கோவிந்தா' செயலியை வெளியிட்டது. 300 ரூபாய் தரிசனம், தங்கும் அறை, உண்டியல் காணிக்கை எல்லாம் கைபேசிக்குள். 2023 ஜனவரியில் அதற்குப் பதிலாக 'டிடிதேவஸ்தானம்ஸ்' வந்தது.

கைபேசியும் நம்ம பக்கத்துச் சரக்குதான்! 2015-ல் ஷாவ்மி முதன்முதலாக இந்தியாவில் செய்த போன், ஸ்ரீசிட்டி ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரானது. அன்று அது சித்தூர் மாவட்டம். 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரப் பெண்கள்.

டிக்கெட் திறந்ததும் வேகமான இணையம் வைத்திருக்கும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு? அதனால்தான் 2022 நவம்பரில் ஸ்ரீநிவாசம் போன்ற இடங்களில் இலவச டோக்கன் கவுன்டரை மறுபடி திறந்ததை, செயலியைவிடப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு இங்கிருந்து புக் செய்பவர்களே, அவர்களுடைய ஆதார் எண்ணைக் கொடுக்கப்போகிறீர்கள். இன்ஸ்டால் செய்யும் முன், வெளியிட்டவர் பெயர் தேவஸ்தானம்தானா என்று பார்த்துவிடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்க்காரன் புத்தி, விடாது :-)