வீட்டு வலையமைப்பில் ஐ.பி. முகவரி ஒதுக்கீடு

வீட்டு வலையமைப்பில் ஐ.பி. முகவரி ஒதுக்கீடு என்பது, வீட்டில் உள்ள கணினி, கைப்பேசி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, ராசுபெரி பை போன்ற கருவிகளுக்குத் திசைவி (ரவுட்டர்) தானாகவே எண் முகவரி வழங்கும் முறையாகும். இதற்குப் பயன்படும் நெறிமுறை டி.எச்.சி.பி. எனப்படுகிறது. திரையோ விசைப்பலகையோ இல்லாத சிறு கருவிகளை வலையமைப்பின் வழியாகவே அணுக முடியும். எனவே முகவரி ஒதுக்கீட்டில் நேரும் பிழை, கருவியே பழுதடைந்தது போன்ற தோற்றத்தைத் தரும். பெரும்பாலும் கருவி பெற்றுள்ள முகவரியைக் கொண்டே பிழை எங்குள்ளது என அறியலாம்.

வரலாறு

1985 ஆம் ஆண்டில் வெளியான பூட்பி நெறிமுறையின் விரிவாக்கமாக 1993 ஆம் ஆண்டில் டி.எச்.சி.பி. வெளியிடப்பட்டது. ரால்ப் டிரோம்சு எழுதி 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எப்.சி. 2131 என்னும் ஆவணம் இதனை விளக்குகிறது. இந்தியாவில் 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிய பின்னர், ஓர் இணைப்பைப் பல கருவிகள் பகிரும் வழக்கம் வீடுகளில் பரவியது.

செயற்படும் முறை

முகவரி பெறுதல் நான்கு படிகளில் நிகழ்கிறது.

1. தேடல்: கருவி, "முகவரி வழங்குவோர் உண்டா?" என வலையமைப்பில் உள்ள அனைவருக்கும் செய்தி அனுப்பும்.
2. முன்வைப்பு: திசைவியில் இயங்கும் டி.எச்.சி.பி. வழங்கி ஒரு முகவரியை முன்வைக்கும்.
3. வேண்டல்: கருவி அம்முகவரியைத் தனக்குத் தருமாறு வேண்டும்.
4. ஒப்புதல்: வழங்கி ஒப்புதல் அளிக்கும்.

இம்முகவரி நிலையானதன்று, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் குத்தகையாகத் தரப்படுவது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி அதனைப் புதுப்பிக்க முயலும்.

முகவரி உணர்த்துவன

- 192.168 எனத் தொடங்கும் முகவரி: வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரி ஆகும். திசைவியின் முகவரி 192.168.1.1 ஆகவும் கருவியின் முகவரி 192.168.1.20 ஆகவும் இருப்பின், பொதுவாக ஒதுக்கீடு சரியாக நடந்துள்ளது எனக் கொள்ளலாம். முன் மூன்று எண்கள் வேறுபட்டால், கருவி வேறொரு வழங்கியிடம் முகவரி பெற்றிருக்கலாம்.
- 169.254 எனத் தொடங்கும் முகவரி: வழங்கியிடமிருந்து விடை கிடைக்காததால் கருவி தானே தெரிவு செய்துகொண்டது. 2005 ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 3927 இதனை வரையறுக்கிறது. இதனைக் கொண்டு இணையத்தை அடைய இயலாது.
- 0.0.0.0: கருவிக்கு இன்னும் முகவரி கிடைக்கவில்லை.

திரையில்லாக் கருவியின் முகவரியை அறிய, திசைவியின் மேலாண்மைப் பக்கத்தில் உள்ள கருவிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கருவியின் அடியில் அச்சிடப்பட்ட மேக் முகவரியைப் பட்டியலுடன் ஒப்பிட்டு அதனை அடையாளம் காணலாம். பட்டியலில் கருவி இல்லையெனில், முதலில் கம்பியை அல்லது வை-ஃபை கடவுச்சொல்லைச் சரிபார்த்தல் வேண்டும். சிறு கருவிகள் பல 2.4 கிகாஏர்ட்சு அலைவரிசையில் மட்டுமே இயங்குவன என்பதும் கருதத்தக்கது.

பொதுவான பிழைகள்

மின்தடைக்குப் பின்: மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகின்றன. சிறு கருவி சில நொடிகளில் ஆயத்தமாகி முகவரி கேட்கும்; திசைவி ஆயத்தமாக ஓரிரு நிமிடங்கள் ஆகலாம். சில கருவிகள் சிலமுறை கேட்டுவிட்டு முயற்சியை நிறுத்திக்கொள்ளும். திசைவி முழுமையாக இயங்கிய பின் கருவியை மட்டும் அணைத்து மீண்டும் இயக்கினால் இது தீரும். இன்வெர்ட்டரில் இணைந்த கருவி அணையாமல் பழைய முகவரியிலேயே இருக்க, குத்தகைப் பட்டியலை இழந்த திசைவி அதே முகவரியை வேறொரு கருவிக்கு வழங்குவதும் உண்டு. இது முகவரி மோதல் எனப்படும். திசைவியையும் இன்வெர்ட்டரில் இணைப்பது இவ்விரண்டையும் தவிர்க்க உதவும்.

இரண்டு திசைவிகள்: சேவை நிறுவனம் தந்த திசைவியுடன், வை-ஃபை எட்டாத அறைக்காக மற்றொன்றையும் வாங்கி இணைப்பது வழக்கம். இரண்டையும் லேன் துளைகள் வழியாக இணைத்தால், ஒரே வலையமைப்பில் இரண்டு வழங்கிகள் போட்டியிடும். எது முதலில் விடையளிக்கிறதோ அதன்படி இணைப்பு அமையும் என்பதால், கருவி ஒருநாள் இயங்கி மறுநாள் இயங்காது. இரண்டாவது திசைவியின் முகவரியை மாற்றி, அதன் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்துதல் வேண்டும்.

கையால் இட்ட முகவரி: கருவிக்கு நிலையான முகவரி இடும்போது, அது திசைவி வழங்கும் எண்தொகுப்புக்குள் அமைந்தால் மோதல் நேரலாம். மேக் முகவரியைக் குறித்து, திசைவியிலேயே முகவரியை முன்பதிவு செய்வது சிறந்தது. ராசுபெரி பை இயங்குதளத்தில் 2023 அக்டோபர் முதல் வலையமைப்பு மேலாளர் மென்பொருள் மாற்றப்பட்டுள்ளதால், நிலையான முகவரிக்கான பழைய வழிகாட்டுதல்கள் புதிய பதிப்புகளுக்குப் பொருந்தா.

வெளியிலிருந்து அணுகுதல்

வீட்டுக்குள் கேமரா சரியாக இயங்கியும், வெளியூரிலிருந்து அணுக முடியாமல் போகலாம். ஆசிய-பசிபிக் பகுதியில் ஐ.பி. பதிப்பு 4 முகவரிகளின் பொது இருப்பு 2011 ஏப்ரலில் தீர்ந்தது. அதனால் சேவை நிறுவனங்கள் பல, ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. திசைவியின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொடக்கம் கொண்டிருந்தால் இம்முறை பின்பற்றப்படுகிறது என்று பொருள். அந்நிலையில் ஐ.பி. பதிப்பு 4 வழியாகத் துறைத் திருப்பம் செய்து பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்பது, ஐ.பி. பதிப்பு 6 பயன்படுத்துவது, வி.பி.என். அமைப்பது ஆகியன மாற்று வழிகள். எவ்வழியாயினும் ஆலைக் கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும். 2016 ஆம் ஆண்டில் மிராய் தீநிரல் அக்கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களையும் திசைவிகளையும் கைப்பற்றியது.

இவற்றையும் பார்க்கவும்

- ஐ.பி. பதிப்பு 6
- திசைவி
- மேக் முகவரி