கணிப்பொறியின் நேரக்கணக்கு

கணிப்பொறியின் உழைப்பை அளக்கவேண்டும் என்னும் எண்ணம் ஆராய்ச்சி ஆர்வத்தால் மட்டும் தோன்றியதன்று; வாடகையும் பங்கீடுமே அதனை வற்புறுத்தின. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைப் பொறிகளில், ஓடிய நேரத்தைக் காட்டும் மானி பொருத்தப்பட்டிருந்தது. வாடகைக் கணக்கிற்கு அது போதும். ஆனால், பொறி யாருக்காக ஓடியது என்பதை அம்மானி சொல்லாது.

அவ்வினா முன்பே எழுந்திருந்தது. 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். பலர் ஒரே பொறியைப் பயன்படுத்த, மையச் செயலகம் ஒருவருக்குக் கணநேரம், அடுத்தவருக்குக் கணநேரம் என முறைவைத்து உழைத்தது. பயன்படுத்துவோருக்குக் கடவுச்சொல்லும் நேர ஒதுக்கீடும் வழங்கப்பட்டன.

ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே கிடைத்தது. அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு துளையட்டை வழியே பொறிக்குப் பணித்தார். மறுநாள் விடியலில் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு பிறர் கணக்கில் தம் வேலையை நடத்தினார். அவ்வேலைதான் என்ன? புதிய கணிப்பொறி முறையின் செயல்திறனைக் கணித்தறிவது! நேரத்தை அளக்கப் புறப்பட்டவரே நேரத்தைத் திருடினார். நேரப்பகிர்வுப் பொறிகளைப் பற்றிய அவரது ஆய்வேடு 1965இல் நிறைவுற்றது.

1970களில் யூனிக்ஸ் முறை நொடிக்கு 60 கடிகாரத் துடிப்புகளைக் கொண்டு கணக்கெழுதியது. துடிப்பின்போது செயலகத்தில் எந்த நிரல் இருந்ததோ, அதன் பெயரில் அத்துடிப்பு முழுவதும் பற்றெழுதப்பட்டது. மணியடிக்கும்போது வகுப்பில் இருப்பவனுக்கு மட்டும் வருகை குறிப்பது போன்றதே இது. நெடுநேரக் கணக்கில் பிழைகள் பெரும்பாலும் ஈடாகிவிடும். எனினும், இரு துடிப்புகளுக்கிடையே வந்து வேலையை முடித்துச் செல்வதையே வழக்கமாகக் கொண்ட நிரல் ஒருபோதும் அகப்படாது.

செயலகம் 100 விழுக்காடு உழைக்கிறது என்று அறிந்தாலும், எத்தனை பணிகள் காத்துக்கிடக்கின்றன என்பது தெரியாது. டெனெக்ஸ் முறை அதனையும் எண்ணிச் சுமைச்சராசரி கண்டது. சராசரி 4 எனில், ஒரே செயலகமுள்ள பொறியில் ஒரு பணி நடக்க, மூன்று வரிசையில் நின்றன என்று பொருள். 1973 ஜூலை மாதத்துச் சராசரிகளைக் காட்டும் கையால் வரைந்த வரைபடம் ஆர்ப்பாநெட் ஆவணங்களிடையே இன்றும் உள்ளது. யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகள் 1, 5, 15 நிமிடச் சுமைச்சராசரிகளை இப்போதும் தந்துவருகின்றன.