பாளையங்கோட்டைப் பதிவேட்டின் முதல் பெயர்

பனியன் கம்பெனி வேலைக்காக நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்து உட்காரும் இவர்களில் பலருடைய சபை வரலாறு பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. அங்கே அஸ்திவாரம் போட்டவர் ஒரு பெண். அவர் கதையை நாவலாக எழுதியவரோ கிறிஸ்தவர் அல்லாத ஒருவர். இந்த விழா மலரைப் புரட்டும் இளையவர்களுக்காக இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளாரிந்தா தஞ்சாவூரில் வாழ்ந்த மராத்தியப் பிராமண விதவை. கணவரின் சிதையில் உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன்பின் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், திருமணம் நடக்கவில்லை. ஆங்கிலத்தையும் கிறிஸ்தவ உபதேசத்தையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் லிட்டில்டன்தான். தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த உறவைக் காரணம் காட்டி ஐயர் மறுத்துவிட்டார்.

லிட்டில்டனோடு பாளையங்கோட்டைக்குப் போன கிளாரிந்தா, அவர் இறந்ததும் தனித்து நின்றார். பிறந்த வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. கேட்ட சபையும் ஏற்கவில்லை. ஆனாலும் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் அவ்வூருக்கு வந்தபோது மறுபடியும் போய்க் கேட்டார். இம்முறை ஞானஸ்நானம் கிடைத்தது.

பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். பல சாதியினரும் கலந்த அந்தப் பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. கோட்டைக்குள் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785 ஆகஸ்ட் 24 அன்று சுவார்ட்ஸ் ஐயரே பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். கட்டடம் மட்டும் போதாது, சபையை நடத்த ஆள் வேண்டும் என்று தஞ்சாவூர் வரை பயணம் போய்க் கேட்டவரும் அவரே. பாளையங்கோட்டைக்குப் பணிக்கு வந்த உபதேசியார் சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். நெல்லை மிஷனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது இதற்கெல்லாம் பின், 1820-இல்தான்.

இந்தக் கதையை நாவலாக்கியவர் அ. மாதவையா. நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அவர், 1915-இல் 'கிளாரிந்தா' என்ற வரலாற்று நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழாக்கினார். சிதைத் தீ, அந்நியன் கை, ஊர் ஏற்காத காதல், கதவடைத்த சபை என வாரப் பத்திரிகையில் 'தொடரும்' போட ஏற்ற திருப்பங்கள் இந்தக் கதையில் நிறைய உண்டு. மாதவையாவை இழுத்தது அதைவிட ஆழமானது. விதவைகள் பட்ட பாட்டை 'முத்துமீனாட்சி'யில் முன்பே எழுதியிருந்தவர் அவர். மதம் மாறாமலே கிளாரிந்தாவின் பக்கம் நிற்க அவரால் முடிந்தது.

நாவல் படிப்பவருக்குத் தீயும் காதலும் மனத்தில் நிற்கும். சபை வரலாறு படிப்பவர் அதற்குப் பிந்திய ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். மறுத்தவர் மேல் வன்மம் வைக்காமல் அவரையே அழைத்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வைத்ததும், தன் காலத்துக்குப் பிறகும் சபை நடக்க ஆள் தேடியதும்தான் கிடைத்த மறுவாழ்வை அவர் பயன்படுத்திய விதம்.

விழா மலர்களில் நிர்வாகிகளின் படங்கள் வரிசையாக வரும். பகலெல்லாம் செக்கிங் மேசையில் நின்றுவிட்டு, மாலையில் ஆலயம் பெருக்கி, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லும் பெண்களின் பெயர் வருவதில்லை. கணவனை இழந்தவர், பிரிந்தவர், ஊரில் பேச்சுக் கேட்டு இங்கே வந்து ஒற்றை அறையில் பிள்ளை வளர்ப்பவர் எல்லாரும் இவர்களில் உண்டு. அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் அந்தப் பெயர்களையும் கேட்டு எழுத வேண்டும். 1780-இல் பதிவேடு எழுதியவர் முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயரை எழுதத் தயங்கவில்லை.