முப்பது வயசுக்கு மேலயும் பரு: ஒரு பழியின் வரலாறு

முகப்பருன்னாலே அது பத்தாங்கிளாஸ், பன்னெண்டாங்கிளாஸ் பசங்க சமாச்சாரம்னு தான் நம்ம எல்லாருக்கும் நினைப்பு. "வயசுக் கோளாறு, தானா போயிடும்"னு சொல்லி முடிச்சுடுவோம். ஆனா போகாத பரு ஒண்ணு இருக்குங்க. வயசு இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு, நாற்பதுன்னு ஏறிக்கிட்டே போனாலும் மாசாமாசம் தாடையோரத்துல வந்து உட்காரும். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னாடி கிளம்பும். தோலுக்கு அடியில கட்டி மாதிரி வலிக்கும். போகும்போது சும்மா போகாது, ஒரு கருப்புத் தழும்பை வச்சுட்டுப் போகும். அந்தத் தழும்பு மறையறதுக்குள்ள அடுத்தது ரெடி.

இது ஏதோ ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற விஷயம் இல்லை. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்துக்காரங்க இருபது வயசுக்கு மேற்பட்ட ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகமானவங்ககிட்ட கேட்டு 2008ல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. இருபதுகளில் இருந்த பெண்களில் சுமார் 51 சதவீதம் பேர் பரு இருக்குன்னு சொன்னாங்க. முப்பதுகளில் 35 சதவீதம். நாற்பதுகளில் 26 சதவீதம். அதே நாற்பதுகளில் ஆண்கள் 12 சதவீதம் தான். அதாவது வயசு ஏற ஏற இது பெரும்பாலும் பெண்கள் பிரச்சினையா ஆகுது.

வைத்தியக் குறிப்பெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நான் சொல்ல வர்றது வேற கதை. இந்தப் பருவுக்குக் காரணம் ஹார்மோன்னு 1941லயே எழுதி வச்சாச்சு. அந்தக் காரணத்தையே குறிவச்ச ஒரு க்ரீம் கடைக்கு வர கிட்டத்தட்ட எண்பது வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் பழி யார் தலையில விழுந்துச்சு?

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். ஆக்னி என்கிற சொல்லே ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் அரசவையில் வைத்தியரா இருந்த ஏட்டியஸ் என்பவரோட நூல்ல இருந்து வந்ததா சொல்றாங்க. உச்சம்னு பொருள்படுற 'அக்மே' என்கிற கிரேக்கச் சொல்லை யாரோ ஏடு எடுத்து எழுதினவங்க தப்பா எழுதி அது ஆக்னி ஆச்சுன்னு ஒரு கருத்து உண்டு. வாழ்க்கையின் உச்சம்னா வாலிபம். நம்ம காதுக்கும் பரு, பருவம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தானே கேட்குது :-)

வாலிபத்தோட சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க அதோட நிறுத்தியிருக்கலாம். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவ நூல்கள், ஆசை நிறைய இருந்தும் அடக்கி வச்சிருக்கிற இளசுகளுக்குத் தான் இது வரும்னு எழுதின. அப்போ மருந்து? கல்யாணம்! "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்"னு நம்ம பெரியம்மாக்கள் சொல்றதை ஐரோப்பாக்காரனும் சொல்லியிருக்கான் பாருங்க. 19ஆம் நூற்றாண்டுல கதை அப்படியே தலைகீழ். ஆசையை அடக்காம சுய இன்பம் பண்றவங்களுக்குத் தான் பருன்னு ஆச்சு. அடக்கினாலும் குத்தம், அடக்காட்டியும் குத்தம். அப்புறம் மலச்சிக்கல், அழுக்கு, சோப்பு போட்டுக் கழுவாததுன்னு வரிசையா வந்துச்சு. எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. முகத்துல பரு இருந்தா அந்த ஆள் ஏதோ தப்பு பண்றாங்க.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முகத்துல எக்ஸ்ரே கூட அடிச்சாங்க. எண்ணெய்ச் சுரப்பி சுருங்கும், பருவும் அடங்கும். பல வருஷம் கழிச்சு அவங்கள்ல சிலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தப்ப தான் விலை என்னன்னு தெரிஞ்சுது.

சரி, 1941க்கு வருவோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன்னு ஒரு உடற்கூறு ஆராய்ச்சியாளர். பருவம் வர்றதுக்கு முன்னாடியே விரை நீக்கப்பட்ட, அல்லது விரை சரியா வளராத ஆண்களை அவர் பார்த்தார். யாருக்கும் பரு இல்லை. அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைக் கொடுத்ததும் சிலருக்குப் பரு கிளம்புச்சு. அப்போ பருவுக்கு முக்கியக் காரணம் ஆண் ஹார்மோன் தான்னு தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். அழுக்கு இல்லை, ஆசை இல்லை, மலச்சிக்கல் இல்லை.

"பொம்பளைங்களுக்கு ஏது ஆண் ஹார்மோன்?"னு கேட்கலாம். எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் கொஞ்சமா சுரக்கும். அது கூடிப்போன பெண்களைப் பத்தி ஆறு வருஷம் முன்னாடியே, 1935ல், சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால்னு ரெண்டு டாக்டர்கள் எழுதியிருந்தாங்க. மாதவிடாய் தவறிப்போன ஏழு பெண்கள், பெருத்து நீர்க்கட்டிகள் நிறைஞ்ச சினைப்பைகள், சிலருக்கு முகத்தில் முடி. இன்னைக்குத் தெருவுக்கு ரெண்டு பேர் சொல்ற பிசிஓடி, பிசிஓஎஸ் எல்லாம் அங்க ஆரம்பிச்ச கதை தான். ஆனா அவங்க கவலை முழுக்கக் குழந்தை பிறக்குமா பிறக்காதாங்கறதுல தான் இருந்துச்சு. முகத்துல இருந்த பரு யாருக்கும் பெருசாத் தெரியலை.

1950களிலும் 60களிலும் பாஸ்டனில் ஸ்ட்ராஸ், போச்சி என்கிற ரெண்டு பேர் இதை அளந்தே காட்டினாங்க. எப்படி தெரியுமா? சிகரெட் சுத்துற மெல்லிசு பேப்பரை நெத்தியில ஒட்டி, மூணு மணி நேரம் வச்சு, அதுல ஊறின எண்ணெயை எடை போட்டாங்க! ஆண் ஹார்மோன் கொடுத்தா எண்ணெய் கூடுது, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா குறையுது. அதிக எண்ணெய், அடைச்ச துவாரம், அங்கேயே குடியிருக்கிற பாக்டீரியா, அதனால வீக்கம். கணக்கு சரியாப் போச்சு.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு. நிறைய பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணினா ஹார்மோன் அளவு சரியாவே இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "உனக்கு ஒண்ணுமில்லைம்மா"ன்னு அனுப்பிடுவாங்க. ஆனா சிக்கல் தோலுக்குள்ள. எண்ணெய்ச் சுரப்பி டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான வடிவத்துக்கு அங்கேயே மாத்திக்கும். சிலரோட சுரப்பிக்கு அந்த ஹார்மோன்மேல ஏற்பு அதிகம். ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஒரே சத்தம் தான் கேட்குது, ஒரு வீட்டுல மட்டும் தூக்கம் கெடுதுன்னு வச்சுக்கோங்க.

இவ்வளவும் தெரிஞ்சாச்சு. பழி போச்சா? போகலை. சாப்பாட்டுக்கு மாறுச்சு. 1969ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன் குழு 65 பேருக்கு சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் சாக்லேட்டுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லுச்சு. ஒப்பிடக் கொடுத்த போலி மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்துச்சுங்கறது தான் வேடிக்கை. ஆய்வுக்கு உதவினது சாக்லேட் தயாரிப்பாளர் சங்கம். சீக்கிரம் சர்க்கரையா மாறுற உணவு இன்சுலினைக் கூட்டி, அதன் வழியா ஆண் ஹார்மோன் வேலையையும் கூட்டும்னு இப்போ ஓரளவு ஆதாரம் இருக்கு. அதுக்காக ஒரு தட்டு பஜ்ஜி தின்னவளைப் பார்த்து "அதான் மூஞ்சி இப்படி இருக்கு"ன்னு சொல்றது விஞ்ஞானம் ஆகாது.

இதே கிளிக்மன் தான் டிரெட்டினாயின் களிம்பைப் பருவுக்கு மருந்தாக் கொண்டு வந்தவர். 1971ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. இன்னைக்கும் உலகம் பூரா எழுதிக் கொடுக்கிறாங்க. ஆனா அவரோட தோல் ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் உடம்புல நடந்தது. அவங்கள்ல பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1974ல் தான் அது நின்னுச்சு. பல்கலைக்கழகம் 2021லும் நகர நிர்வாகம் 2022லும் மன்னிப்புக் கேட்டன. நம்ம முகம் தெளியறதுக்கு யாரோ முதுகைக் கொடுத்திருக்காங்க. அதையும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

சரி, ஹார்மோனையே தடுக்கிற மருந்துகள்? அதுல முக்கியமானது ரெண்டுமே தற்செயலா கிடைச்சது.

முதலாவது பெர்லின்ல. 1960களில் ஷெரிங் நிறுவனம் ஒரு புது ஹார்மோன் மருந்தை கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தப்ப, பிறந்த ஆண் குட்டிகள் பெண் மாதிரி இருந்துச்சு. ஆண் ஹார்மோனை அது தடுக்குதுன்னு அப்படித் தான் புரிஞ்சுது. அந்த சைப்ரோடிரோனை ஈஸ்ட்ரோஜனோட சேர்த்து வந்தது தான் டயான் மாத்திரை. பல நாடுகள்ல பருவுக்குன்னே கொடுத்தாங்க. பிரான்சில் பருவுக்கு மட்டும் தான் அனுமதி, ஆனா லட்சக்கணக்கான பெண்கள் கருத்தடைக்கே சாப்பிட்டாங்க. ரத்தம் உறைஞ்சு நாலு மரணங்கள் இதனோட தொடர்புள்ளவைன்னு 2013 ஜனவரியில் பிரெஞ்சு அரசு நிறுவனம் மருந்தை நிறுத்தி வைக்க முடிவெடுத்தது. அதே வருஷம் ஐரோப்பிய மருந்து நிறுவனம், குறிப்பிட்ட பெண்களுக்கு ஆபத்தை விட பலன் அதிகம்னு சொல்ல, 2014ல் திரும்ப வந்துச்சு. பருவுக்குத் தானேன்னு லேசா எடுத்துக்கிற மாத்திரை இல்லை இது, டாக்டர் பார்வையில இருக்க வேண்டிய சமாச்சாரம்.

ரெண்டாவது ஸ்பைரனோலாக்டோன். 1950களின் கடைசியில் வந்த ரத்தக்கொதிப்பு மாத்திரை, உடம்புல தேங்குற உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும். சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு பெருத்துச்சு. பக்க விளைவுன்னு எழுதி வச்சுக்கிட்டாங்க. 1978ல் ரத்தக்கொதிப்புக்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு முகத்து முடி குறைஞ்சதை ரெண்டு டாக்டர்கள் எழுதினப்ப தான், அந்தப் பக்க விளைவே இன்னொருத்தருக்கு மருந்துன்னு உரைச்சுது. 80களில் இருந்து தோல் டாக்டர்கள் பருவுக்குக் கொடுத்துட்டு வர்றாங்க. கர்ப்பத்துல சாப்பிடக்கூடாது, ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

ஆனா ஒரு பெரிய, ஒழுங்கான சோதனை? பழைய மருந்து, காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு, எந்த கம்பெனி காசு போடும்? கடைசியில பிரிட்டன் அரசுப் பணத்துல இங்கிலாந்து, வேல்ஸ்ல 410 பெண்களை வச்சு நடந்துச்சு. முடிவு வெளிவந்தது 2023ல்! பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. 12 வாரத்துல பரு குறைஞ்சதுன்னு சொன்னவங்க மருந்துப் பக்கம் 72 சதவீதம், வெத்து மாத்திரைப் பக்கம் 68. பெரிய வித்தியாசம் இல்லை. 24 வாரத்துல 82க்கு 63.

இந்த ரெண்டு வரியைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. மூணு மாசத்துல "இதுவும் வேலைக்காகலை"ன்னு குப்பையில போட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்க!

ஆறு மாசம் பொறுக்க யாரால முடியும்? அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம் இருக்கும். அந்த அவசரத்துல தான் நம்ம ஊர் மருந்துக்கடையில ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கை மாறுது. ஒரு வாரம் முகம் பளபளன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பழைய பருவோட ஸ்டீராய்டு பருவும் சேர்ந்துக்கும். 2018ல் இந்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாத பட்டியல்ல சேர்த்தது.

ஹாமில்டன் கை காட்டின இடத்துலயே, அதாவது தோல்ல ஆண் ஹார்மோன் போய் ஒட்டிக்கிற இடத்துலயே தடுக்கிற முதல் க்ரீம் கிளாஸ்கோடிரோன். அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 2020 ஆகஸ்டில். 1941ல இருந்து 79 வருஷம். உயிர் போற வியாதி இல்லையேன்னு ஒரு அலட்சியம், பொம்பளைங்க அழகுப் பிரச்சினைன்னு ஒரு இளக்காரம், ரெண்டும் இதுல சேர்ந்திருக்குன்னு தான் நான் நினைக்கிறேன்.

இப்பவும் ஒரே அடியில தீர்க்கிற மருந்து கிடையாது. ஹார்மோன் மாத்திரையை நிறுத்தினா நிறைய பேருக்குத் திரும்ப வரும். சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வச்சுக்கிட்டுப் பார்த்துக்க வேண்டிய விஷயம். பிரஷர் இருக்கிறவரைப் பார்த்து யாரும் "சரியா முகம் கழுவறதில்லையா?"ன்னு கேட்கிறதில்லை. கல்யாண வீட்டுல, ஆபீஸ் லிஃப்ட்ல, பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்து முப்பத்தஞ்சு வயசுப் பெண்ணுக்கு இலவசமா கடலை மாவும் வேப்பிலையும் சொல்ற அன்பர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். அவங்க முகத்தை உங்களை விட அவங்க அதிக தடவை கழுவியாச்சு.